சமையற்கூடம் போனது, லீ ஷுவாங்ஷுவாங் நின்றாள்: ஹெனான் கிராமங்களை எழுதிய லீ ஜுன் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1960-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பெய்ஜிங்கிலிருந்து வெளிவரும் ‘மக்கள் இலக்கியம்’ இதழில் ‘லீ ஷுவாங்ஷுவாங்கின் சிறு வரலாறு’ என்ற கதை அச்சானது. எழுதியவர் ஹெனான் மாகாணத்தைச் சேர்ந்த லீ ஜுன். வீட்டு அடுப்படியிலேயே காலம் கழித்த ஒரு விவசாயப் பெண், ஊருக்குப் பொதுச் சமையற்கூடம் வேண்டும் என்று சுவரொட்டி எழுதி ஒட்டுகிறாள். அதை அமைக்கவும் வைக்கிறாள். பிறகு அதன் பொறுப்பையே கையிலெடுக்கிறாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962-இல், அதே லீ ஜுன் எழுதிய திரைக்கதையில் ‘லீ ஷுவாங்ஷுவாங்’ திரைப்படம் வந்தது. அதே பெண், அதே கணவன், அதே ஊர்ப் பேச்சு. ஆனால் கதையின் உயிராக இருந்த பொதுச் சமையற்கூடம் படத்தில் இல்லை. அது இருந்த இடத்தில் உழைப்புப் புள்ளிக் கணக்கு, அதாவது கூட்டுப் பண்ணையில் யார் எவ்வளவு உழைத்தார் என்று எழுதும் பேரேடு, வந்து உட்கார்ந்திருந்தது.

ஒரு வீட்டின் நடுத்தூணை உருவிவிட்டு வேறொன்றை நட்டால் கூரை சரிந்துவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே சரியவில்லை. படம் நாடெங்கும் ஓடியது, அடுத்த ஆண்டு பார்வையாளர் வாக்கில் முதலிடம் பெற்றது, அந்தப் பெண்ணின் பெயர் வாய்ச்சண்டைக்கு அஞ்சாத கிராமத்துப் பெண்களைக் குறிக்கும் பொதுப்பெயராகவே ஆனது. இந்த ஆய்வு அந்த ஒரு மாற்றத்தை நடுவில் வைத்துக்கொண்டு லீ ஜுன்னின் எழுத்து வாழ்க்கை முழுவதையும் பார்க்க முயல்கிறது. அவர் கதைக்கருவை அன்றன்றைய அரசுக் கொள்கையிலிருந்து எடுத்தார். ஆட்களையும் அவர்களுடைய பேச்சையும் தாம் வளர்ந்த ஊர்களிலிருந்து எடுத்தார். கொள்கை சில ஆண்டுகளில் செல்லாக்காசாகிப் போன ஒவ்வொரு முறையும், அந்த ஆட்களே அவர் எழுத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இதற்குப் பாரமான ஒரு மறுபக்கமும் உண்டு, அது பசியைப் பற்றியது. அதைத் தள்ளிவைத்துவிட்டு அவரைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது.

லுவோயாங் பக்கத்துப் பையன்

லீ ஜுன் 1928-இல் லுவோயாங் வட்டத்தில், இன்று மெங்ஜின் எனப்படும் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். இயற்பெயர் லீ தியேஷெங். குடும்பம் மங்கோலிய வழிவந்தது என்றாலும் அவர் பேசியதும் எழுதியதும் ஹெனான் விவசாயியின் சீனம்தான். ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருந்த தாத்தாவிடம் பழைய நூல்களைக் கற்றார். முறையான படிப்பு நடுநிலைப் பள்ளியின் தொடக்கத்தோடு நின்றுபோயிற்று.

நிறுத்தியது 1942-ஆம் ஆண்டின் வறட்சி. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஹெனானில் இருபது முதல் முப்பது இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஒரு பக்கம் ஜப்பானியப் படை, மறுபக்கம் நெல்லும் கோதுமையுமாய் வரி கேட்கும் சொந்த அரசின் படை. பிழைக்க வழியற்றவர்கள் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் லோங்ஹாய் இருப்புப்பாதையைப் பிடித்துக்கொண்டு மேற்கே சியான் நகரம் நோக்கி நகர்ந்தார்கள். இரயில் பெட்டிகளின் கூரைமேல் தொற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு, தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து போனவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் பதினான்கு வயது மாணவனாக லீ ஜுன்னும் லுவோயாங்கிலிருந்து சியானுக்குப் போனார். அவருடைய மிகப் பெரிய நாவலின் விதை அங்கே விழுந்தது. முளைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பின்னர் லுவோயாங்கில் ஓர் உப்புக்கடையில் வேலை கற்கும் பையனாகவும், அஞ்சல் முகவர் நிலையத்தில் ஊழியராகவும் இருந்தார். 1949-க்குப் பிறகு வங்கியில் வேலை செய்தார். அதன்பின், எழுத்தறிவு குறைந்த அரசு ஊழியர்களுக்கு மொழி கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியரானார். உப்பு, அஞ்சல், கடன், எழுத்து என்று இந்த நான்கு வேலைகளுமே ஊர்க்காரன் காரியமாக வந்து நிற்கும் இடங்கள். எழுத்தாளனாவதற்கு முன் பத்தாண்டுக் காலம் விவசாயிகளின் பேச்சை அவர்கள் பணம் எண்ணும் நேரத்திலும் கடன் கேட்கும் நேரத்திலும் கேட்டுப் பழகியவர் என்பது, அவருடைய உரையாடல்களைப் படிக்கும்போது நன்றாகத் தெரிகிறது.

விற்பனைக்கு வந்த நிலம்

அவரைப் பிரபலமாக்கிய கதை ‘அந்த வழியில் போகக் கூடாது’. 1953 நவம்பரில் ஹெனான் நாளிதழில் வந்தது. 1954 ஜனவரியில் கட்சியின் மைய ஏடான ‘மக்கள் நாளிதழ்’ அதை மறுபிரசுரம் செய்தது. நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெற்ற ஜாங் ஷுவான் என்பவன் மாட்டு வியாபாரத்தில் கடன்பட்டு நிலத்தை விற்கப் பார்க்கிறான். அதே சீர்திருத்தத்தில் எழுந்து நின்ற கிழவன் சோங் லாவோதிங் கையில் நாலு காசு சேர்ந்ததும் அந்த நிலத்தை வாங்கத் துடிக்கிறான். கட்சி உறுப்பினனான கிழவனின் மகன், ஒரு ஏழை வீழ்வதை இன்னொரு ஏழை தன் ஏற்றமாக்கிக் கொள்வதுதான் பழைய வழி, அதில் போகக் கூடாது என்று தகப்பனை மனம் மாற்றுகிறான்.

கரு முழுக்க முழுக்க அன்றைய கட்டளை. தனியுடைமையிலிருந்து கூட்டுறவுக்கு விவசாயிகளை நகர்த்துவதற்கான பொது வழிகாட்டுதல் அந்த ஆண்டுதான் வந்திருந்தது. கதையைப் படித்து முடித்ததும் மனத்தில் நிற்பவன் என்னவோ அறிவுரை சொல்லும் மகன் அல்ல. நிலத்தின் மேல் தீராத ஆசை கொண்ட அந்தக் கிழவன். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் நிலத்தில் உழைத்தவனுக்குச் சொந்தமாக இன்னொரு துண்டு நிலம் என்றால் என்ன என்பதை லீ ஜுன் உள்ளிருந்து அறிந்திருந்தார். அதனால் அந்த ஆசையைக் கேலி செய்ய அவருக்கு மனம் வரவில்லை. தவறு என்று தீர்ப்பு எழுதிய கையே அதன் சூட்டையும் எழுதிவிட்டது. இதே பிளவைத்தான் பின்னால் வரும் எல்லாப் படைப்புகளிலும் காண்கிறோம்.

இந்தக் கதைக்குப் பின் அவர் ஹெனான் இலக்கிய அமைப்பில் முழுநேர எழுத்தாளரானார். 1957-இல், பதவிக்கு வந்தபின் கிராமத்து மனைவியைக் கைவிடத் துணியும் ஓர் ஊழியரைப் பற்றி ‘நாணல் பூ வெளுக்கும் காலம்’ என்ற கதையை எழுதி அதற்காகக் கண்டனத்துக்கு ஆளானார். அடுத்து வடகிழக்கின் தரிசு நிலங்களைத் திருத்தச் செல்லும் முன்னாள் படைவீரர் ஒருவரைப் பற்றி அவர் எழுதிய திரைக்கதை 1959-இல் ‘பழைய படைவீரனின் புதிய கதை’ என்ற படமாயிற்று. திரைத்துறைக்குள் அவர் உறுதியாகக் காலூன்றியது அப்படித்தான்.

பெயரில்லாதவள்

‘லீ ஷுவாங்ஷுவாங்கின் சிறு வரலாறு’ ஒரு பெயர்ப் பிரச்சினையில் தொடங்குகிறது. இருபத்தேழு வயதான இந்தப் பெண்ணுக்கு லீ ஷுவாங்ஷுவாங் என்று ஒரு பெயர் இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. ஊர் அவளை ‘ஷீவாங் வீட்டுக்காரி’ என்கிறது. கணவன் சுன் ஷீவாங் மற்றவர்களிடம் அவளைக் குறிப்பிடும்போது ‘எங்க வீட்டுல இருக்கிறவ’ என்பான், பிள்ளை பிறந்த பிறகு ‘எங்க ஷியாவ்ஜூவோட அம்மா’ என்பான், இன்னும் சலுகை எடுத்துக்கொண்டால் ‘நமக்குச் சமைச்சுப் போடுறவ’ என்பான். இந்த விளிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியே ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை நிலையையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார் லீ ஜுன். எழுத்தறிவு வகுப்புக்குப் போய்ப் படித்தவள் சுவரொட்டி எழுதி அடியில் தன் பெயரைப் போடும்போதுதான், இது யார் என்று ஊர் கேட்கிறது. ‘வரலாறு’ என்ற சொல் அதிகாரிகளுக்கும் அறிஞர்களுக்கும் உரியது. அதை அடுப்படிப் பெண்ணுக்குக் கொடுத்ததில் இருக்கும் மரியாதை தலைப்பிலேயே தொடங்குகிறது.

ஒரு காட்சியை அருகில் சென்று பார்ப்போம். கால்வாய் வேலைக்குப் போய்விட்டு ஷுவாங்ஷுவாங் நண்பகலில் வீடு திரும்புகிறாள். முன்னமே வந்துவிட்ட ஷீவாங் அடுப்புக்கூடப் பற்ற வைக்காமல் கட்டிலில் கிடக்கிறான். அவள் ஆத்திரத்தோடு மாவு பிசைந்து, தேய்த்து, நூடுல்ஸாக வெட்டத் தொடங்கி, பாதியில் தாங்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து அழுகிறாள். ஷீவாங் எழுந்து வருகிறான், வெட்டி வைத்த மட்டும் எடுத்துக் கொதிக்க வைத்து, தொட்டுக்கொள்ளப் பூண்டும் இடித்து, அமைதியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிக்கிறான். பூண்டு இடிக்கும் சத்தம் கேட்டதும் அவள் பாய்ந்து வந்து அவன் முதுகில் இரண்டு குத்து விடுகிறாள். அந்தப் பூண்டுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. பசியில் தின்றான் என்றால் மன்னித்துவிடலாம்; மனைவி அழுதுகொண்டிருக்கையில் ருசிக்காகப் பூண்டு இடிக்கிறான். அவன் கெட்டவனும் அல்லன். ஒரு விஷயம் தன் கண்ணில் படவே படாதபடி வளர்க்கப்பட்டவன். இதை எந்தக் கட்சித் தீர்மானமும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

இந்தச் சண்டைக்கு விடையாக வருவது பொதுச் சமையற்கூடம். ஊர் முழுவதற்கும் ஓரிடத்தில் சமைத்தால் பெண்கள் வயலுக்கும் கால்வாய்க்கும் போகலாம். முன்பு உணவகத்தில் வேலை பார்த்த ஷீவாங் அங்கே சமையற்காரனாக அமர்த்தப்படுகிறான். மனைவியை ‘சமைச்சுப் போடுறவ’ என்றவன் ஊருக்கே சமைக்கிறான். கதை கட்டப்பட்ட விதத்தில் இது ஒரு தேர்ந்த திருப்பம்.

அதே மாதங்களில் ஹெனானில்

இந்தக் கதையை அது எழுதப்பட்ட இடத்தையும் காலத்தையும் மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது. பல ஊர்களின் நிலத்தையும் உழைப்பையும் ஒன்றாக்கிய அமைப்பு மக்கள் கம்யூன். நாட்டின் முதல் மக்கள் கம்யூன் என்று புகழப்பட்ட சாயாஷான் 1958-இல் அமைந்தது ஹெனானில்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் மாவோ வந்து பார்த்து, மக்கள் கம்யூன் நல்லது என்று சொன்ன சிலியிங் கம்யூனும் ஹெனானில்தான். விளைச்சலையும் இரும்பு உற்பத்தியையும் ஒரே தாவலில் பெருக்கப் பார்த்த ‘மாபெரும் பாய்ச்சல்’ இயக்கத்தின் பெருமைகளை முந்திக்கொண்டு அறிவித்த மாகாணம், அதன் விலையையும் முந்திக்கொண்டு கொடுத்தது. விளைச்சலைப் பல மடங்கு கூட்டிச் சொன்ன கணக்கின்படி அரசு தானியக் கொள்முதல் நடந்தது. இல்லாத தானியத்தை விவசாயி ஒளித்து வைத்திருக்கிறான் என்று சொல்லி அடித்துப் பறித்தார்கள். வீட்டுச் சட்டி பானைகள் இரும்பு உருக்கப் போயிருந்தன, வீட்டில் புகை எழுந்தால் குற்றம். எனவே பொதுச் சமையற்கூடத்தில் கஞ்சி தீர்ந்தால் மாற்று வழி எதுவும் இல்லை. அங்கே உணவை மறுப்பது தண்டனையாகவும் பயன்பட்டது. 1959 குளிர்காலத்திலிருந்து 1960 வசந்தம் வரை அம்மாகாணத்தின் ஷின்யாங் பகுதியில் மட்டும் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். சாயாஷானும் அப்போது அந்தப் பகுதிக்குள்தான் இருந்தது.

அதே வசந்த காலத்தில்தான் வயிறு நிறையச் சோறு போடும் சமையற்கூடத்தைப் பற்றிய கதை அச்சேறியது. மாபெரும் பாய்ச்சலைக் குறை சொன்ன தலைவர்கள் கண்டிக்கப்பட்ட, 1959 கோடையில் நடந்த லூஷான் கட்சிக் கூட்டத்துக்குப் பிறகு, சமையற்கூடத்தைக் குறை சொல்வது சோசலிசத்தையே எதிர்ப்பதாகக் கருதப்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அச்சில் வேறு எதுவும் வந்திருக்க முடியாது என்பது புரியும். புரிந்தாலும் மனம் ஆறவில்லை. பதினான்கு வயதில் பட்டினிக் கூட்டத்தோடு இருப்புப்பாதை ஓரம் நடந்த ஒருவர், தம் சொந்த மாகாணம் இன்னொரு முறை பட்டினியில் கிடந்தபோது எழுதிய கதை இது. அந்தப் பூண்டு இடிக்கும் காட்சியை எவ்வளவு நேசிக்கிறேனோ அவ்வளவு வலியோடுதான் கதையின் பிற்பகுதியைப் படிக்கிறேன்.

தூண் மாற்றிய கதை

1961 ஜூன் மாதம் திருத்தப்பட்ட கம்யூன் விதிகள், சமையற்கூடத்தில் உண்பதும் உண்ணாததும் விவசாயிகளின் விருப்பம் என்று அறிவித்தன. விருப்பம் என்றதுமே ஊர் ஊராகச் சமையற்கூடங்கள் கலைந்தன. ஷாங்ஹாயின் ஹையான் படப்பிடிப்பகத்துக்காக லீ ஜுன் எழுதிக்கொண்டிருந்த திரைக்கதை அடித்தளத்தை இழந்தது. அவர் அதைக் கைவிடாமல் திரும்ப எழுதினார். புதிய கொள்கை ‘உழைப்புக்கேற்ற பங்கு’ என்பதால் புதிய கரு உழைப்புப் புள்ளி ஆயிற்று.

உழைப்புப் புள்ளி என்பது கூட்டுப் பண்ணையின் நாட்கூலிக் கணக்கு. திடகாத்திரமான ஆணின் ஒரு நாள் வேலைக்குப் பொதுவாகப் பத்துப் புள்ளி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அறுவடை முடிந்து தானியத்தையும் பணத்தையும் பங்கிடும்போது ஒவ்வொரு குடும்பத்தின் புள்ளிக்கு ஏற்பப் பங்கு. எனவே புள்ளி எழுதுபவன் பேனாவில்தான் ஊரின் ஆண்டுச் சாப்பாடு. படத்தில் இந்தக் கணக்கு ஒழுங்காக எழுதப்படாததால் பெண்கள் வேலைக்கு வராமல் இருக்கிறார்கள்; ஷுவாங்ஷுவாங் சுவரொட்டி எழுதுகிறாள்; புள்ளி எழுதும் வேலை ஷீவாங்கின் தலையில் விழுகிறது. யாருடைய மனத்தையும் நோகடிக்க விரும்பாத அந்த நல்லவன், வேண்டியவர்கள் கூட்டி எழுதச் சொன்னால் மறுக்கத் தெரியாமல் திணறுகிறான். அவள் அதை ஊர்நடுவில் போட்டு உடைக்கிறாள். அவன் மானம் போயிற்று என்று வீட்டை விட்டே போகிறான்.

தூண் மாறியும் கூரை நின்றது எப்படி என்ற கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. இந்தக் கதையை ஓட்டுவது கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியாத ஒருத்திக்கும் எவரையும் பகைத்துக்கொள்ளாமல் வாழ நினைக்கும் ஒருவனுக்கும் இடையிலான தீராத வழக்கு. அதற்குத் தீனியாக ஊரின் பொதுப்பங்கு ஏதாவது ஒன்று வேண்டும். 1960-இல் அது கரண்டியில் அள்ளிப் போடும் உணவு, 1962-இல் பேரேட்டில் எழுதும் புள்ளி. யாருக்கு எவ்வளவு, அளப்பவன் நேர்மையானவனா என்ற பழைய ஊர்க் கேள்விதான் இரண்டிலும் நிற்கிறது. கொள்கை மாறும்போது லீ ஜுன் மாற்ற வேண்டியிருந்தது அளக்கும் படியை மட்டும்தான்.

மாற்றத்தில் ஒரு நட்டமும் உண்டு. சமையற்கூடம் நடைமுறையில் எவ்வளவு கொடியதாக முடிந்தாலும், முதல் கதை அதன் வழியாகக் கேட்ட கேள்வி உண்மையானது: அடுப்படி வேலை ஏன் பெண்ணுடையதாக மட்டும் இருக்க வேண்டும்? படத்தில் அந்தக் கேள்வி ஊர்ப் பொதுவிலிருந்து கழன்று மீண்டும் வீட்டுக்குள் போய்விடுகிறது. ஷீவாங் மனம் திருந்தித் திரும்பி வந்து கொஞ்சம் கைகொடுத்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. தங்களுடையது கல்யாணத்துக்குப் பின் வந்த காதல் என்று படத்தின் பிற்பகுதியில் வரும் வசனத்தைச் சீனப் பார்வையாளர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இனிமையான வசனம்தான். முதல் கதையின் கூர்மையை அது சற்றே மழுக்கிவிட்டது என்பது என் எண்ணம்.

இயக்கியவர் லூ ரென். ஷுவாங்ஷுவாங்காக நடித்த ஜாங் ருய்ஃபாங், போர்க்காலச் சோங்சிங் நகரின் மேடை நாடகங்களில் புகழ்பெற்றவர்; கிராமத்துப் பெண்ணின் நடையையும் குரலையும் உழைத்துக் கற்றுக்கொண்டார். ஷீவாங்காக ஜோங் ஷிங்ஹுவோ. ‘மக்கள் திரை’ இதழின் வாசகர் வாக்குகளால் முடிவு செய்யப்படும் நூறு மலர்கள் விருதுகளில், 1963-இல் சிறந்த படம், சிறந்த திரைக்கதை, சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகர் ஆகிய நான்கும் இந்தப் படத்துக்கே கிடைத்தன. பட்டினியிலிருந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்த ஒரு நாடு, பங்கு நேர்மையாக அளக்கப்பட வேண்டும் என்று சத்தம் போட்ட ஒரு பெண்ணைப் பார்த்து மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஷீஹுவாவின் நான்கு ஆண்டுகள்

மூன்றே ஆண்டுகளில் காற்று திரும்பியது. 1966-இல் மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் அந்தப் படம் ‘நச்சுக் களை’ (விஷச் செடி) என்று முத்திரை குத்தப்பட்டது. புள்ளிக்காக உழைக்கச் சொல்வது பொருளாசையைத் தூண்டுவது என்பது குற்றச்சாட்டு. கொள்கையின் பின்னால் நடந்து கதை எழுதியவர், கொள்கை திரும்பி நின்றபோது அதன் எதிரில் அகப்பட்டுக்கொண்டார்.

1969-இல் அவர் குடும்பத்தோடு ஷீஹுவா வட்டத்துக்கு அனுப்பப்பட்டு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். தண்டனையாக வந்த அந்த இடம்தான் அவருக்கு வாழ்நாளின் பெரிய கொடையாக அமைந்தது. ஷீஹுவா, மஞ்சளாற்று வெள்ளப் பகுதியின் நடுவில் இருக்கும் வட்டம். 1938 ஜூன் மாதம், முன்னேறி வந்த ஜப்பானியப் படையைத் தடுக்க, தேசியவாத அரசின் படை ஜெங்ஜோவுக்கு அருகில் ஹுவாயுவான்கோ என்னுமிடத்தில் மஞ்சளாற்றின் கரையை உடைத்துவிட்டது. ஆறு தென்கிழக்கே திரும்பி ஹெனான், அன்ஹுய், ஜியாங்சு ஆகிய மூன்று மாகாணங்களின் 44 வட்டங்களில் பாய்ந்தது. 1947-இல் உடைப்பு அடைக்கப்படும் வரை ஒன்பது ஆண்டுகள் அந்த நிலங்களில் ஆறு தன் மனம்போல் ஓடியது. 1948-இல் தொகுத்த கணக்கின்படி இறந்தவர்கள் ஏறத்தாழ 8,90,000 பேர். பின்வந்த ஆய்வாளர்கள் எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடுகின்றனர். ஊரை விட்டு ஓடியவர்கள் பல இலட்சம்.

அந்த ஓட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் ஷீஹுவாவில் லீ ஜுன்னின் அண்டை வீட்டார். அச்சில் எழுத வழியில்லாத அந்த நாட்களில், இறந்தவர்களுக்கான இரங்கலுரைகளையும் கல்லறை வாசகங்களையும் ஊர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்காக ஒவ்வொரு குடும்பத்திலும் உட்கார்ந்து, செத்தவர் எங்கே பிறந்தார், வெள்ளத்தில் எந்தத் திசைக்கு ஓடினார், யாரை வழியில் இழந்தார் என்று கேட்க வேண்டியிருந்தது. முழுநேர எழுத்தாளராக இருந்த காலத்தில் கிராமங்களுக்குப் போய்ச் செய்தி சேகரித்ததற்கும் இதற்கும் மலையளவு வேறுபாடு. முன்பு அவர் ஒரு கருவோடு போய் ஆட்களைத் தேடினார். இப்போது கருவே இல்லாமல் ஆட்கள் தாமாக வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள்.

கிழக்கே ஓடும் ஆறு

இந்தச் சேகரம் முதலில் திரைக்கதையாகத்தான் வெளிப்பட்டது. 1978-இல் பெய்ஜிங் படப்பிடிப்பகம் தயாரித்து ஷியே தியேலியும் சென் ஹுவாய்காயும் இயக்கிய ‘பேராறு பாய்கிறது’ என்ற இரண்டு பாகப் படத்தில், ஜாங் ருய்ஃபாங் மீண்டும் நாயகியாக, லீ மாய் என்ற விவசாயப் பெண்ணாக நடித்தார். மாவோவும் சூ என்லாயும் நடிகர்கள் வழியாகத் திரையில் தோன்றிய படம் அது. பெரிய தயாரிப்பு, பெரிய ஏமாற்றம். லீ மாய் எங்கும் தவறாத, தளராத வீராங்கனையாக நின்றதால் அவளைச் சுற்றி வெள்ளம் பாய்ந்தும் அவள் நனையவில்லை.

லீ ஜுன் செய்த நல்ல காரியம், அந்தத் தோல்வியோடு அந்தப் பொருளை விட்டுவிடாததுதான். அதே வெள்ளத்தை ‘மஞ்சளாறு கிழக்கே ஓடுகிறது’ என்ற நாவலாக எழுதினார். முதல் பாகம் 1979-இல் வந்தது, இரண்டாம் பாகம் எண்பதுகளின் நடுவில் வந்தது. 1985-இல், நாவல்களுக்கான இரண்டாம் மாவ் துன் விருது, ஜாங் ஜியே, லியூ ஷின்வூ ஆகியோரின் நாவல்களோடு இதற்கும் வழங்கப்பட்டது.

சியாங்காங் என்ற ஊரின் ஏழு குடும்பங்கள் வெள்ளத்தில் சிதறி லுவோயாங், சியான், சியான்யாங் என்று அலைவது நாவல். லீ மாய் இதிலும் இருக்கிறாள், ஆனால் நடுவிடத்தை விட்டு நகர்ந்து மற்றவர்களுக்கு இடம் கொடுக்கிறாள். குறையற்ற வீரர்களைத் தேடிப் போகவில்லை, வாழ்க்கையில் கண்டவாறே எழுதினேன் என்ற பொருளில் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். இருபத்தைந்து ஆண்டு எழுத்துக்குப் பிறகு ஒரு கைதேர்ந்த எழுத்தாளர் தம் பழைய முறையைத் தாமே கைவிடுவது சிறிய காரியமன்று.

நாவலில் ஹாய் லாவோசிங் என்ற கிழவனை மறக்க முடியாது. மண்ணைத் தவிர வேறெதையும் அறியாத உழவன். மகள் நகரத்தில் கதைப்பாட்டுப் பாடிச் சம்பாதிக்கிறாள். அந்தச் சோறு அவனுக்கு இறங்கவில்லை. நகரத்தில் உழைக்காமல் தின்பது தாங்காமல் நிலம் தேடித் திரும்பிப் போகிறான், வறட்சி வருகிறது, பட்டினியில் சாகிறான். 1953-இல் நிலம் வாங்கத் துடித்த சோங் லாவோதிங்கின் இரத்த உறவு இவன் என்று படிக்கும்போதே தோன்றும். அன்று அந்த ஆசைக்கு மகன் வாயால் பாடம் சொன்னவர், இப்போது எந்தப் பாடமும் சொல்லாமல் அதன் பின்னாலேயே கடைசி வரை நடந்து போகிறார்.

இன்னொரு கிளை சுன்யீ, ஃபெங்யிங் என்ற இளம் தம்பதியுடையது. அகதியாய்ப் போன இடத்தில் ஃபெங்யிங் உணவுக்கடைத் தொழிலைக் கற்று, பேசிப் பழகி, காசு எண்ணத் தேர்ந்துவிடுகிறாள். உழவனாகவே நின்றுவிட்ட சுன்யீக்கு மனைவியின் அந்தப் புதுச் சிரிப்பு பிடிபடவே இல்லை. இருவரும் பிரிகிறார்கள். ஷுவாங்ஷுவாங்–ஷீவாங் வழக்கை லீ ஜுன் இங்கே மறுபடியும் எடுத்துப் பார்க்கிறார் என்றே படுகிறது: வீட்டுக்கு வெளியே காலெடுத்து வைத்த பெண், பின்தங்கி நிற்கும் ஆண். இம்முறை அவர்களைச் சேர்த்து வைக்கக் கட்சிச் செயலாளர் யாரும் வரவில்லை. இந்தப் பகுதியை அவர் எழுத்தின் உச்சங்களில் ஒன்றாக நான் வைப்பேன்.

சிச்சுவானிலிருந்து வந்தவள்

எண்பதுகளில் லீ ஜுன் இயக்குநர் ஷியே ஜின்னுடன் சேர்ந்து வேலை செய்தார். வியட்நாம் எல்லைப் போரைப் பற்றிய ‘மலையடிவார மலர்வளையங்கள்’ படத்தின் திரைக்கதைக்காக, மூலக்கதையை எழுதிய லீ சுன்பாவோவுடன் சேர்ந்து 1985-இல் சீனத் திரைத்துறையின் தங்கச் சேவல் விருது பெற்றார். அதற்கு முன் 1982-இல் வந்த ‘குதிரை மேய்ப்பவன்’ இந்த ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானது. ஜாங் ஷியான்லியாங்கின் சிறுகதையிலிருந்து லீ ஜுன் எழுதிய திரைக்கதை. ‘வலதுசாரி’, அதாவது கட்சிக்கு எதிரானவன், என்று முத்திரை குத்தப்பட்டு வடமேற்குப் புல்வெளிக்கு அனுப்பப்பட்ட ஷூ லிங்ஜுன் என்ற ஆசிரியன், பணக்காரத் தந்தை அமெரிக்காவிலிருந்து வந்து அழைத்தும் போகாமல் அந்த மேய்ப்பர்களோடு தங்கிவிடுகிறான். நாட்டுப்பற்றுப் படம் என்று இதை எளிதாக ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்கியவர்களும் உண்டு.

ஆனால் படத்தின் நெஞ்சு லீ ஷியூஜி என்ற பெண்ணிடம் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில், சொந்த ஊரில் வயிற்றுக்கு இல்லாமல், சிச்சுவானிலிருந்து பிழைக்க வந்தவள். ஓர் ஆண்துணையைப் பிடித்துக்கொண்டால் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காக முகம் தெரியாதவனைக் கட்டிக்கொள்ள வந்தவள். உனக்குப் பெண்டாட்டி வேண்டுமா என்று கேட்டு, நண்பன் ஒருவன் அவளைக் கொண்டுவந்து ஷூவின் குடிசையில் விடுகிறான். ஹெனான் சமையற்கூடத்தின் கதையில் லீ ஜுன்னால் சொல்ல முடியாமல் போனது இங்கே ஒரு பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே வருகிறது. 1942-இன் பட்டினியை அவர் பெருநாவலாக எழுதிவிட்டார். அது பழைய ஆட்சியின் பட்டினி, எழுதத் தடையில்லை. புதிய ஆட்சியில் ஒரு பெண் பசியால் ஊரை விட்டு நடந்தாள் என்பதை அவர் திரையில் ஒரு கல்யாணக் கதையாக வைத்தார். முகப்பில் வைக்கவில்லை, அதைப் பற்றி எவரும் பேருரை ஆற்றவும் இல்லை. பல நாள் பயணத்தின் தூசியோடும் கையில் ஒரு சிறு மூட்டையோடும் அவள் வாசலில் நிற்கிறாள். சில நாட்களில் வேலி கட்டுகிறாள், கோழி வளர்க்கிறாள், பச்சைச் செங்கல் அறுக்கிறாள். ஷுவாங்ஷுவாங்கைப் போலவே அவளும் ஓயாமல் வேலை செய்கிறாள், ஓயாமல் பேசுகிறாள்.

லீ ஜுன் பிற்காலத்தில் பெய்ஜிங்கில் நவீனச் சீன இலக்கியக் காப்பகத்தின் தலைவராக இருந்து, 2000 பிப்ரவரியில் காலமானார். ஷூவும் ஷியூஜியும் கட்டிய அந்த மண் வீட்டில், வெளிநாட்டுத் தந்தையைப் பார்த்துவிட்டுக் கணவன் திரும்பி வருவானா என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தபடி வேலையைத் தொடர்கிறாள்.